ஸ்டீபன் பக்கம் நின்றவன்

ரியான் ஜான்சனின் ‘தி பிரதர்ஸ் ப்ளூம்’ படத்தைப் பற்றிப் பல இடங்களில் எழுதியிருக்கிறேன், மேடையிலும் பேசியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மூத்தவன் ஸ்டீபனைத்தான் தூக்கிப் பிடித்தேன். தம்பிக்காகவே வாழ்ந்த அண்ணன், பொய்யைக் கலையாகச் செய்தவன், கடைசியில் உயிரையே கொடுத்தவன் என்றெல்லாம் எழுதினேன். படித்தவர்கள் யாரும் மறுக்கவில்லை. படமும் அப்படிப் பார்க்க இடம் கொடுக்கிறது. ஆனால் நான் அப்படி எழுதியதற்குக் காரணம் படம் அல்ல. நானும் ஓர் அண்ணன். என் தம்பியை நான் ஏமாற்றியிருக்கிறேன். ஸ்டீபனுக்கு மன்னிப்புக் கிடைத்தால் அதில் ஒரு பங்கு எனக்கும் வந்து சேரும் என்று எண்ணித்தான் இத்தனை வருடம் அவனுக்காக வாதாடிக்கொண்டிருந்தேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2008-இல் டொரண்டோ திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டு, அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வெளியான படம். ஜான்சனுக்கு அது இரண்டாவது படம். ‘ப்ரிக்’ எடுத்து முடித்திருந்தார். ‘லூப்பர்’, ‘நைவ்ஸ் அவுட்’ எல்லாம் பிறகு வந்தவை. மார்க் ரஃபலோ அண்ணன் ஸ்டீபனாகவும், ஏட்ரியன் பிராடி தம்பி ப்ளூமாகவும் நடித்தார்கள். ஏறக்குறைய 2 கோடி டாலர் செலவில் எடுத்த படம், அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட வசூலிக்கவில்லை. சிரிப்புப் படமா, சோகப் படமா என்று முடிவு செய்ய முடியாமல் பலர் கைவிட்ட படம் அது. என்னால் கைவிட முடியவில்லை.

பெற்றோர் இல்லாத இரண்டு பையன்கள், ஒரு வளர்ப்பு வீட்டிலிருந்து இன்னொரு வளர்ப்பு வீட்டுக்கு மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பெரியவனுக்கு 13 வயது, சின்னவனுக்கு 10. புது ஊரில் சின்னவனுக்கு ஒரு சிறுமியைப் பிடித்துவிடுகிறது. போய்ப் பேச வாய் வரவில்லை. அண்ணன் ஒரு தாளை எடுத்துத் திட்டம் போடுகிறான். காட்டுக்குள் ஒரு குகை இருக்கிறது, அதில் அதிசயம் ஒன்று இருக்கிறது என்று தம்பி அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் கதை விட வேண்டும். பிள்ளைகள் காசு சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு சேற்றில் விழுந்து புரண்டு குகைக்கு ஓடுகிறார்கள். அழுக்கான அத்தனை துணிகளும் ஊரிலிருக்கும் சலவைக் கடைக்குப் போகும். அந்தக் கடைக்காரரிடம் ஸ்டீபன் ஏற்கெனவே பங்கு பேசி வைத்திருக்கிறான்.

முதல் தடவை பார்த்தபோது சலவைக் கடை வரை யோசித்த அந்த மூளையை வியந்தேன். பிறகு பார்த்தபோதுதான் சின்னவனின் முகம் கண்ணில் பட்டது. அந்தச் சிறுமியோடு அவன் சிரித்துப் பேசுகிறான், கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். ஆனால் பேசியது அவன் அல்ல, அண்ணன் எழுதிக் கொடுத்த பையன். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையன் காணாமல் போய்விடுகிறான், பழைய வாயில்லாப் பிள்ளை மட்டும் தனியே நிற்கிறது. அண்ணன் அவனுக்கு வேண்டியதை வாங்கிக் கொடுத்துவிட்டான். கூடவே, நான் எழுதிக் கொடுக்காமல் உனக்கு எதுவும் கிடைக்காது என்பதையும் சொல்லாமல் சொல்லிவிட்டான்.

எங்களுக்கும் அப்படி ஒரு தொடக்கம் உண்டு. அப்பா போன பிறகு அம்மாவும் நாங்கள் இருவரும் புதுக்கோட்டைப் பக்கம் பெரியப்பா வீட்டில் இருந்தோம். பெரியப்பா கெட்டவர் அல்லர், கேட்டால் கொடுப்பார். ஆனால் கேட்க வேண்டும். அந்தக் கேட்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பணம் கேட்கிறார்கள், நோட்டுக்குப் பணம் கேட்கிறார்கள் என்று உள்ளதோடு இல்லாததையும் சேர்த்துச் சொல்வேன். சொல்வதற்கு முன்னால் தம்பியை வாசலில் நிறுத்திப் பாடம் எடுப்பேன். “நீ ஒண்ணும் பேச வேணாம். பெரியப்பாவைப் பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்க. கண்ணு கலங்குனா நல்லது. மத்தத நான் பாத்துக்கிறேன்.” அவன் அப்படியே செய்வான். அவனுக்கு உண்மையாகவே கண் கலங்கிவிடும், பொய் சொல்கிறோமே என்று. பெரியப்பா அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான் பணம் கொடுத்தார். அந்தக் காசில் நான் டவுனுக்குப் போய்ப் படம் பார்த்தேன். அவனையும் கூட்டிப் போவேன், அதை மறைக்கவில்லை. எந்தப் படம் என்று முடிவு செய்பவன் நான்.

ப்ளூம் சகோதரர்கள் வளர்ந்து உலகத்தரத்து மோசடிக்காரர்களாகிறார்கள். ஸ்டீபன் திட்டங்களைப் படம் போட்டு எழுதுகிறான். செத்துப்போன ரஷ்யர்கள் நாவல் எழுதியதைப் போல அண்ணன் மோசடி எழுதுகிறான் என்பது தம்பியின் கணிப்பு. பெர்லினில் ஒரு வேலை முடிந்த இரவில் தம்பி, போதும் என்று சொல்கிறான். எழுதப்படாத ஒரு வாழ்க்கை வேண்டும் என்று மாண்டினீக்ரோவுக்கு ஓடிப் போகிறான். அண்ணன் தேடிக்கொண்டு வந்து, கடைசியாக ஒன்றே ஒன்று என்று அழைத்துப் போகிறான். நியூ ஜெர்சியில் மாளிகை ஒன்றில் தனியாக வாழும் பணக்காரப் பெண் பெனிலோப் ஸ்டாம்ப், ரேச்சல் வைஸ் நடித்தது. அவளுடைய காரில் மோதுவதற்காகவே தம்பி சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறான்.

நம்மூரில் வினோத் எடுத்த ‘சதுரங்க வேட்டை’ 2014-இல் வந்தது. அதில் ஏமாறுகிறவர்கள் பேராசையால் ஏமாறுகிறார்கள். மண்ணுளிப் பாம்பும் இரிடியமும் அந்த ஆசைக்குப் போட்ட இரை. அதனால் பார்க்கிற நமக்குக் கொஞ்சம் நிம்மதி உண்டு, நாம் அவ்வளவு ஆசைப்படமாட்டோம் என்று. பெனிலோப்பிடம் அந்த நிம்மதி கிடைக்காது. அவளுக்குப் பணம் இருக்கிறது, ஆசை என்று எதுவும் இல்லை. அவள் தனியாக இருக்கிறாள், அவ்வளவுதான். ஆள் துணைக்கு ஏங்குகிறவளை ஏமாற்ற இரை எதுவும் தேவையில்லை, பக்கத்தில் போய் நின்றாலே போதும். பாசம் வைத்திருப்பவனை ஏமாற்றுவதும் அப்படித்தான். எனக்குத் தெரியும்.

பெனிலோப் தன் கதையைச் சொல்லும் கட்டம் ஒன்று உண்டு. கப்பலில் ப்ளூமோடு உட்கார்ந்து, கையில் சீட்டுக்கட்டைக் கலைத்து அடுக்கி வித்தை காட்டிக்கொண்டே சொல்கிறாள். சின்ன வயதில் அவளுக்கு எல்லாமே ஒவ்வாமை என்று மருத்துவர்கள் சொல்லி வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். பிறகுதான் தெரிகிறது, பரிசோதனைக்குக் குத்திய ஊசியின் உலோகம்தான் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சரி, இனி வெளியே போகலாம் என்றிருக்கும்போது அம்மா படுத்துவிடுகிறாள். அம்மாவைப் பார்த்துக்கொள்வதிலேயே இளமை போய்விடுகிறது. சிறைப்பட்டோமே என்று அழாமல், கூட அடைபட்டிருக்கும் மனுஷியையும் நேசிக்கத் தெரிந்த ஒருத்தியின் கதை இது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள். சொல்லிச் சொல்லியே அதை உண்மையாக்கியும் விடுகிறாள். சொல்லி முடிக்கும்போது சீட்டு வித்தையும் சரியாக வந்து நிற்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் ப்ளூமின் முகத்தில் பயமும் மரியாதையும் ஒன்றாக வருகின்றன. ஏமாற்ற வந்த இடத்தில், ஏமாற்றவே முடியாத ஒரு மனசை அவன் பார்த்துவிட்டான்.

அந்தக் கட்டத்தைப் பல கூட்டங்களில் நான் போட்டுக் காட்டியிருக்கிறேன். நடிப்பைப் பற்றியும் கேமராவைப் பற்றியும் பேசுவேன். அம்மாவோடு இருக்க ஒரு பிள்ளை தன் வாழ்க்கையை விட்டுக்கொடுத்தது என்ற இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிப் போவேன்.

தம்பி ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தான். நல்ல கைக்காரன். எங்கள் தெருவில் பல வீடுகளின் மாடி சிங்கப்பூர்ப் பணத்தில் எழும்பியது. அவனும் போக ஆசைப்பட்டான். டெஸ்ட் அடித்துப் பாஸானான். ஏஜென்டுக்கு முன்பணம் கட்ட அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தாள். ஷிப்யார்டு வேலைக்கு ஐ.பி. என்கிற அனுமதிக் கடிதம் வந்தது. மெடிக்கல் எடுக்கச் சென்னைக்கு வந்து என் அறையில் தங்கினான். அப்போது நான் ஒரு பத்திரிகையில் சினிமாப் பகுதியில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மாலையில் ஃபிலிம் சொசைட்டிப் படங்கள், இரவில் எழுத்து, வருஷக் கடைசியில் திரைப்பட விழா. அதற்கு முன் எனக்குக் கிடைக்காத வாழ்க்கை அது.

தம்பி போய்விட்டால் அம்மாவோடு யார் இருப்பது? இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அம்மாகூட, “நான் இருந்துக்குவேன், நீங்க ரெண்டு பேரும் பொழப்பப் பாருங்க” என்றுதான் சொன்னாள். கேள்வி எனக்குள்தான் ஓடியது. ஏதாவது ஒன்று என்றால் ஊருக்கு ஓட வேண்டியவன் நான். வேலையை விட்டு ஊரோடு போய்விடச் சொல்வார்கள். மூத்த பிள்ளை என்பார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைந்தது.

தம்பி மெடிக்கல் முடித்துவிட்டு வருவதற்கு முன்னால் ஊரிலிருந்து அத்தை போன் செய்தாள். அம்மாவுக்குத் தலை சுற்றியிருக்கிறது, டாக்டரிடம் கூட்டிப் போனார்கள், பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார், இப்போது நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள். விஷயம் அவ்வளவுதான். ராத்திரி தம்பி பரோட்டாப் பொட்டலத்தோடு வந்தான். அதைப் பிரிக்கும் முன்னால் நான் சொன்னேன். அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது, ஹார்ட் பலவீனமாக இருக்கிறதாம், இனி எந்நேரமும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஒவ்வொன்றும் பொய். சொல்லும்போது என் குரல் உடைந்தது. நான் உடைய வைத்தேன்.

பொய்யைச் சொன்னதோடு நிறுத்தியிருந்தால் கோழைத்தனம் என்று விட்டுவிடலாம். அதற்கு மேலும் இரண்டு காரியம் செய்தேன். “அம்மாகிட்ட இதப் பத்தி ஒரு வார்த்த கேட்டுராத. அதுக்கு விஷயம் தெரியாது. தெரிஞ்சா பயந்தே போயிரும்” என்றேன். அவன் போய்ச் சரிபார்க்கும் வழியை அதோடு அடைத்தேன். அடுத்து, “நீ போடா. கையில வந்தத விடாத. நான் வேலைய விட்டுட்டு ஊருக்குப் போறேன்” என்றேன். அவன் போகமாட்டான் என்று தெரிந்தே சொன்னேன். மோசடிக்காரர்களிடம் நேரில் பேசிப் பேராசிரியர் டேவிட் மௌரர் 1940-இல் ஒரு புத்தகம் எழுதினார். ‘தி ஸ்டிங்’ படம் வந்தபோது தன் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்ட அளவுக்கு நுணுக்கமான புத்தகம். ஏமாறப் போகிறவனைப் படிப்படியாகக் கூட்டிப் போய், கடைசி அடியை அவனே தன் காலால் எடுத்து வைக்கும்படி செய்வதுதான் அந்தத் தொழிலின் நுட்பம் என்பது அதைப் படித்தால் விளங்கும். நான் அதை எந்தப் புத்தகத்திலும் படித்துக் கற்கவில்லை. தம்பியை அறிந்திருந்தேன், அது போதுமாக இருந்தது.

அவன் கொஞ்ச நேரம் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “நீ வேலைய விட வேணாம்ணே. ஒனக்கு இப்பத்தான் அமைஞ்சிருக்கு. நான் இருக்கேன்” என்றான். பிறகு இருவரும் சாப்பிட்டோம்.

ஏஜென்ட் முன்பணத்தைத் திருப்பவில்லை. சங்கிலி அடகில் நின்றது. தம்பி ஊருக்குப் போய் ஒரு கிரில் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தான். ஏன்டா போகவில்லை என்று அம்மா கேட்டபோது, நான் சொன்னபடியே உண்மையை (அவன் உண்மை என்று நம்பியதை) மறைத்துவிட்டான். “எனக்கு அந்த ஊரெல்லாம் ஒத்து வராதும்மா. இஷ்டமில்ல” என்றான். அம்மாவுக்கு அது ஆறவே இல்லை. விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்வாள்: “வாசல் தேடி வந்த சீதேவியக் கால்ல தள்ளிட்டான். சங்கிலியையும் தின்னுட்டான். பெரியவனப் பாரு, மெட்ராசுல போயி நிமிந்துட்டான்.” அந்தப் பேச்சு நடக்கும்போது நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். தம்பி சிரித்துக்கொண்டே பந்தியில் இலை போடப் போய்விடுவான். அம்மாவின் நெஞ்சைக் காப்பாற்றுகிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். நான் வாய் திறக்கவில்லை. ஒருமுறை, “விடும்மா, அவனுக்குப் பிடிக்கல போல” என்று சமாதானம் செய்யவும் செய்தேன். எல்லாவற்றிலும் என் நினைவில் அதிகம் குத்துவது அந்தச் சமாதானம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மாவை அவன்தான் மாதா மாதம் செக்கப்புக்குக் கூட்டிப் போவான். அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய் டாக்டரிடம், “ஹார்ட்டு எப்படி இருக்கு?” என்று தனியாகக் கேட்டிருக்கிறான். டாக்டர், ஹார்ட்டுக்கு என்ன, நன்றாக இருக்கிறதே என்றிருக்கிறார். அங்கிருந்தே எனக்குப் போன் செய்தான். “அண்ணே, ஹார்ட்டு நல்லா ஆயிருச்சாம்ணே!” குரலில் அவ்வளவு சந்தோஷம். சொல்லிவிட அது ஒரு வாய்ப்பு. “நீ பக்கத்துல இருந்து பாத்துக்கிறேல்ல, அதான்டா” என்றேன்.

படத்தை இருவரும் சேர்ந்தே பார்த்திருக்கிறோம். ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை வந்திருந்தான். என்னிடம் டிவிடி இருந்தது, மடிக்கணினியில் போட்டேன். ஆங்கிலம் அவனுக்கு அவ்வளவாகப் பிடிபடாது என்பதால் வசனத்துக்கு வசனம் நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். எனக்குப் பிடித்த படத்தை அவனுக்குக் காட்டும் பெருமையில் இருந்தேன். பேங் பேங் என்ற ஜப்பானியப் பெண் பேசாமலேயே வெடி வைத்துத் தள்ளும் இடங்களில் விழுந்து விழுந்து சிரித்தான். ரின்கோ கிகுச்சி செய்த பாத்திரம்; படத்தில் பெரும்பாலும் கண்ணாலும் கையாலுமே நடித்திருப்பார். பெனிலோப் சீட்டுக்கட்டோடு பேசும் இடம் வந்தது. சொன்னேன். “அந்தப் பொண்ணு பாவம்ணே” என்றான். சற்றுக் கழித்து, “ஆனா அது சொல்றது சரிதான். பழகிரும்” என்றான். நான் படத்தை ஓடவிட்டேன்.

ஸ்டீபனை அவனுக்குப் பிடிக்கவில்லை. நான் எதிர்பார்க்காதது அது. தம்பியை அண்ணன் எவ்வளவு நேசிக்கிறான் பார் என்று எடுத்துச் சொன்னேன். “நேசிக்கிறான்தான். ஆனா அவந்தான் வேணாம்னு போயி ஒரு ஊருல உக்காந்துட்டான்ல? அங்கயும் தேடிப்போயிக் கூட்டிட்டு வந்துட்டானே” என்றான். கலைஞனின் தாகம், கதாசிரியனின் தனிமை என்று ஏதோ விளக்கினேன். விமர்சகனாக எனக்கு வாய்த்த சொற்களெல்லாம் அன்று என் பக்கத்து வக்கீலாக நின்றன. அவன் மறுத்துப் பேசவில்லை. அண்ணன் படித்தவன் என்று விட்டுக்கொடுத்துவிட்டான்.

இப்போது முடிவுக்கு வருகிறேன். படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பீட்டர்ஸ்பர்க்கில் ஸ்டீபன் கடத்தப்படுகிறான். மீட்புப் பணம் 17.5 லட்சம் டாலர். பாழடைந்த ஒரு நாடக அரங்கில் தம்பி அவனைக் கண்டுபிடிக்கும்போது குண்டு பாய்கிறது. இதுவும் நாடகமா, நிஜமா என்று தம்பிக்குப் புரியவில்லை. வாழ்நாள் முழுக்க அண்ணன் பொய் ரத்தத்தில் செத்துச் செத்து எழுந்திருக்கிறான். இப்போதும் எழுந்து நிற்கிறான், சிரிக்கிறான், எனக்கொன்றுமில்லை, நீ பெனிலோப்போடு போ என்று அனுப்பி வைக்கிறான். தம்பி போகிறான். வழியில் தன் சட்டையில் படிந்திருந்த அண்ணனின் ரத்தத்தைப் பார்க்கிறான். அது பழுப்பாகியிருக்கிறது. பொய் ரத்தம் சிவப்பாகவே இருக்கும், நிஜ ரத்தம்தான் பழுப்பாகும். அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது.

அண்ணன் சொன்ன பொய்களிலேயே சுத்தமான பொய் அது. தம்பி கவலையில்லாமல் கிளம்பிப் போகட்டும் என்பதற்காகச் சொன்ன பொய். அதற்கு விலையாக அவன் தனியாகச் சாகிறான். இந்த இடத்தில்தான் நான் என்னை ஒளித்துக்கொண்டேன். ‘அண்ணன்களின் பொய்’ என்று தலைப்புப் போட்டு ஒரு கட்டுரை எழுதினேன். நேசத்தில் சொல்லும் பொய்க்கு ஒரு புனிதம் உண்டு என்கிற மாதிரி அதில் பாராட்டியிருந்தேன். ஸ்டீபன் பொய் சொன்னது தம்பியைப் போகவிட. நான் பொய் சொன்னது தம்பியைப் போகவிடாமல் செய்ய. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு முடிந்து, ஒன்றின் வெளிச்சம் மற்றதன் மேலும் விழும்படி வைத்தேன். படித்தவர்களையும் ஏமாற்றினேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

படத்தின் மேலும் எனக்கு இப்போது ஒரு குறை உண்டு. ஸ்டீபனுக்கு ஜான்சன் கொடுத்த மரணம் அழகாக இருக்கிறது, அளவுக்கு மேல் அழகாக இருக்கிறது. மேடை, வெளிச்சம், கடைசிச் சிரிப்பு எல்லாம் அமைத்துக் கொடுத்து, அதற்கு முந்தைய வருஷங்களின் கணக்கை அப்படியே தீர்த்துவிடுகிறார். பேசத் தெரியாமல் போன தம்பியின் இருபத்தைந்து வருஷங்களுக்கு யார் பதில் சொல்வது? செத்தவனிடம் யாரும் கேட்க முடியாது. உயிரோடு இருக்கிற அண்ணன், தம்பியின் முன்னால் உட்கார்ந்து, நான் இப்படிச் செய்தேன், இந்தக் காரணத்துக்காகச் செய்தேன் என்று வாய் திறந்து சொல்லும் காட்சி அந்தப் படத்தில் இல்லை. அந்தக் காட்சியை எழுத ஜான்சனுக்குத் தெரியாமலில்லை. அதை எழுதினால் ஸ்டீபனை நாம் நேசிக்கமாட்டோம் என்று அவர் நினைத்திருக்கலாம்.

அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. போனது நெஞ்சு வலியால் அல்ல. கடைசி வரை இதயம் நன்றாகத்தான் இருந்தது. தம்பி சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். சங்கிலியை அவன் கூலியில் மிச்சம் பிடித்து மீட்டு, அம்மா கழுத்தில் போட்டுவிட்ட பிறகுதான் கல்யாணமே செய்துகொண்டான். நான் நினைத்த ஊர்களுக்கெல்லாம் போய், நினைத்த படங்களையெல்லாம் பார்த்துவிட்டேன்.

இந்தக் கட்டுரை அவன் கண்ணில் அச்சில் முதலில் படக் கூடாது என்று ஊருக்குப் போனேன். பட்டறையில் கேட் ஒன்றுக்குப் பற்ற வைத்துக்கொண்டிருந்தான். முடிக்கும் வரை காத்திருந்து சொன்னேன். அத்தையின் போன், மாத்திரை மாற்றியது, நான் கூட்டிச் சொன்னது, அம்மாவிடம் கேட்காதே என்றது எதற்காக என்பது வரை எல்லாம் சொன்னேன். உன் நல்லதுக்காகச் செய்தேன் என்று சொல்லவில்லை. சென்னையை விட எனக்கு மனசில்லை, அதனால் உன்னை அங்கே நிறுத்தினேன் என்று சொன்னேன். அவன் கையுறையைக் கழற்றாமலேயே கேட்டுக்கொண்டிருந்தான். சிங்கப்பூரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப நான் சோம்பேறித்தனத்துல விட்டேன்னுதான் கடைசி வரைக்கும் நெனச்சுட்டுப் போச்சா அது?”

ஆமாம் என்றேன்.

“அது இருக்கும்போது சொல்லியிருக்கலாம்லண்ணே” என்றான். பட்டறைப் பையன் வந்து கம்பி அளவு கேட்டான், எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தான். எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுது. என் பேரப் போடாத” என்றான். மத்தியானம் அவன் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் எனக்கு இலை போடச் சொல்லிவிட்டு, சைட்டில் வேலை இருக்கிறது என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அதன் பிறகு நான் போன் செய்தால் அவன் எடுப்பதில்லை. அவன் மகள் எடுக்கிறாள், அப்பா வேலையில் இருக்கிறார் என்கிறாள்.